ஆப்ட் முரண்டு பிடித்தால்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழிமுறை

காட்பாடி விடுதியில் இருக்கும் மாணவரின் லேப்டாப், குடியாத்தம் டிடிபி கடையின் பழைய டெஸ்க்டாப், ஆம்பூர் ஷூ யூனிட்டில் கணக்கு எழுதும் கம்ப்யூட்டர் என்று எதில் உபுண்டு, மின்ட், டெபியன் என்ற லினக்ஸ் வகைகள் ஓடினாலும் மென்பொருள் போடுவதும் எடுப்பதும் ஆப்ட் என்ற கருவி வழியாகத்தான். 2011-ல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வந்த பாஸ் லினக்ஸும் டெபியன் வழி வந்ததே. ஆகவே கீழே உள்ளவை பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பொருந்தும்.

கட்டளைகளைத் தமிழ் எழுத்தில் ஒலிப்படி எழுதியிருக்கிறோம். டெர்மினலில் (கட்டளை தட்டும் சன்னலில்) அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள். கோடு, புள்ளி, சாய்கோடு மூன்றையும் இங்கே உள்ளபடியே போடுங்கள். இரட்டைக் கோடு வந்தால் இரண்டும் வேண்டும்.

எந்தப் பிழையானாலும் முதலில் மேலே உருட்டிப் போய் ‘ஈ’ எழுத்தும் முக்காற்புள்ளியுமாகத் தொடங்கும் முதல் வரியைப் படியுங்கள். பலர் கடைசி வரியை மட்டும் நகலெடுத்துத் தேடுகிறார்கள். கடைசி வரி பெரும்பாலும் விளைவைத்தான் சொல்லும். காரணம் மேலே இருக்கும்.

“குட் நாட் கெட் லாக்” என்கிறது

வேறொரு வேலை ஏற்கெனவே பேக்கேஜ் (மென்பொருள் பொதி) தரவுத்தளத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதே வரியில் ‘ஹெல்ட் பை ப்ராசஸ்’ என்று ஒரு எண்ணும், அடைப்புக்குறிக்குள் ஒரு பெயரும் இருக்கும். பெயர் ‘அனட்டெண்டட்-அப்கிர்’ என்றிருந்தால் தானியங்கிப் பாதுகாப்பு அப்டேட் ஓடுகிறது. பல நாள் மூடிக் கிடந்த லேப்டாப்பைத் திறந்தவுடன் இது வருவது இயல்பு. ஒடுகத்தூர், ஆலங்காயம் பக்கம் சிக்னல் மெலிந்த ஹாட்ஸ்பாட்டில் அரை மணி நேரம்கூட ஓடலாம். விட்டுவிடுங்கள், தானே முடியும்.

எவ்வளவு நேரமாக ஓடுகிறது என்று பார்க்க (எண் 2314 என்று வைத்துக்கொள்வோம்):

பிஎஸ் -பி 2314 -ஓ பிஐடி,ஈடைம்,சிஎம்டி

லாக் கோப்பை ஆர்எம் போட்டு அழித்துவிடு என்ற யோசனை எங்கும் கிடைக்கும். தயவுசெய்து செய்யாதீர்கள். அந்தக் கோப்பு எப்போதும் அங்கேதான் இருக்கும். பூட்டு என்பது அதன் மேல் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) வைத்திருக்கும் பிடி. கோப்பை அழித்தால் ஆப்ட் புதிதாக ஒன்றை உருவாக்கிக்கொண்டு உள்ளே நுழையும். ஏற்கெனவே ஓடும் வேலையும் எழுதும், இதுவும் எழுதும். சில நிமிடம் காத்திருந்தால் முடிந்திருக்க வேண்டியது அன்று மாலை வரை இழுக்கும்.

இன்னொரு டெர்மினலில் நீங்களே திறந்த ஆப்ட் ‘ஒய்/என்’ கேட்டுக் காத்திருக்கிறதா என்றும் பாருங்கள். உண்மையிலேயே உறைந்துவிட்ட வேலை என்று உறுதியானால் வெறும் கில் கட்டளையும் எண்ணும் போதும், -9 (கட்டாய நிறுத்தம்) வேண்டாம். அதன்பின் அடுத்த பகுதியில் உள்ள முதல் கட்டளையை ஓட்டுங்கள். பிழை வரியில் ‘பெர்மிஷன் டினைடு’ என்று இருந்தால் இதெல்லாம் எதுவும் இல்லை, கட்டளைக்கு முன் சூடோ (நிர்வாகி உரிமை தரும் சொல்) போட மறந்திருக்கிறீர்கள்.

நடுவில் கரண்ட் போய்விட்டது; இப்போது எதைப் போட்டாலும் “டிபிகேஜி வாஸ் இன்டரப்டட்”

வேலூர் வெயிலில், சித்திரை வைகாசியில், யுபிஎஸ் இல்லாத டெஸ்க்டாப்பில் அதிகம் வருவது இதுதான். என்ன நடந்திருக்கிறது என்று தெரிந்தால் பயம் போய்விடும். ஆப்ட் பேக்கேஜை இறக்கித் தரும், அவ்வளவுதான். போடுகிறவர் டிபிகேஜி. அவர் இரண்டு கட்டமாக வேலை செய்கிறார்: முதலில் கோப்புகளை விரித்து அவற்றின் இடத்தில் வைப்பார், பிறகு ஒவ்வொன்றையும் கன்ஃபிகர் செய்வார், அதாவது ஓடத் தயார்படுத்துவார். இரண்டுக்கும் நடுவில் கரண்ட் போனால் சில பேக்கேஜ்கள் விரித்த நிலையிலேயே நின்றுவிடும். எவை என்று பார்க்க டிபிகேஜி --ஆடிட். தொடர்ந்து முடிக்கச் சொல்ல:

சூடோ டிபிகேஜி --கன்ஃபிகர் -ஏ

சூடோ ஆப்ட் --ஃபிக்ஸ்-புரோக்கன் இன்ஸ்டால்

இதே வரிசையில் போடுங்கள். முதலாவது, விரித்தவற்றை முடிக்கும். இரண்டாவது, சார்ந்திருக்கும் பேக்கேஜ்களில் வராமல் போனதை இறக்கி நிரப்பும். பெரும்பாலும் இத்தோடு முடிந்துவிடும்.

முடியாத இடங்கள் மூன்று.

ஒன்று, கெர்னல் அப்டேட் நடக்கும்போது கரண்ட் போய், மறுபடி ஆன் செய்தால் திரை கருப்பாகவே நிற்பது. ஆன் செய்தவுடன் ஷிஃப்ட் விசையை (யுஇஎஃப்ஐ கணினியில் எஸ்கேப்) பிடித்து கிரப் மெனுவை (எதில் தொடங்குவது என்று கேட்கும் பட்டியலை) வரவழைத்து, ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ உள்ளே பழைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே வந்ததும் மேலே சொன்ன இரண்டு கட்டளைகளையும் ஓட்டினால் புதுக் கெர்னலின் பூட் கோப்பு மறுபடி உருவாகும்.

இரண்டு, ‘ஃபைல்ஸ் லிஸ்ட் ஃபைல் ஃபார் பேக்கேஜ் … இஸ் மிஸ்ஸிங் ஃபைனல் நியூலைன்’ என்ற வரி. டிஸ்க்கில் எழுதி முடிப்பதற்குள் மின்சாரம் போனதால், அந்த பேக்கேஜின் கோப்புப் பட்டியல் பாதியிலோ காலியாகவோ நிற்கிறது. பிழையில் வரும் பேக்கேஜ் பெயரைக் குறித்துக்கொண்டு, /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ/ உள்ளே அந்தப் பெயரோடு .லிஸ்ட் என்று முடியும் கோப்பை வேறு இடத்துக்கு நகர்த்துங்கள். உடனே சூடோ ஆப்ட் இன்ஸ்டால் --ரீஇன்ஸ்டால் போட்டு அதே பெயரைக் கொடுங்கள். பட்டியல் புதிதாக வரும். இப்படி ஒன்று வந்தால் இன்னும் நாலைந்து வரக்கூடும், ஒவ்வொன்றாகத்தான் முடிக்க வேண்டும்.

மூன்று, ‘பார்ஸ் எரர்’ என்று சொல்லி /வார்/லிப்/டிபிகேஜி/ஸ்டேட்டஸ் என்ற கோப்பின் பெயரைக் காட்டுவது. உங்கள் கணினியில் என்னென்ன இருக்கிறது என்ற முழுப் பதிவேடும் அதுதான். அதே அடைவில் (ஃபோல்டரில்) ‘ஸ்டேட்டஸ்-ஓல்ட்’ என்று முந்தைய நிலை இருக்கும். முதலில் எல்எஸ் -எல் போட்டு இரண்டின் அளவையும் ஒப்பிடுங்கள். கெட்டதை வேறு பெயரில் பத்திரமாக வைத்துவிட்டு, பழையதை அதன் இடத்துக்கு சிபி கட்டளையால் நகலெடுங்கள். பழையதும் காலியாக இருந்தால் /வார்/பேக்கப்ஸ்/ உள்ளே ‘டிபிகேஜி.ஸ்டேட்டஸ்.0’ இருக்கும். அது கடைசியாக எடுத்த காப்பு, ஆகவே அதற்குப் பின் போட்டவற்றை மட்டும் மறுபடி போட வேண்டியிருக்கும்.

இதைத் தவிர்க்க எளிய வழி ஒன்று உண்டு. பதிவிறக்கம் பாதியில் நின்றால் ஒரு கேடும் இல்லை, விட்ட இடத்திலிருந்து தொடரும். ஆபத்து முழுவதும் விரிக்கும் கட்டத்தில்தான். ஆகவே இரண்டையும் பிரித்துவிடுங்கள்:

சூடோ ஆப்ட் ஃபுல்-அப்கிரேட் --டவுன்லோட்-ஒன்லி

இதை ஹாட்ஸ்பாட்டில் எப்போது வேண்டுமானாலும் ஓட்டலாம். கரண்ட் நிலையாக இருக்கும் நேரத்தில், லேப்டாப்பானால் பேட்டரி பாதிக்கு மேல் இருக்கும்போது, அதே கட்டளையை அந்த --டவுன்லோட்-ஒன்லி இல்லாமல் ஓட்டுங்கள். இணையம் தேவைப்படாது, சில நிமிடத்தில் முடியும்.

நீலமோ ஊதாவோ ஆன பெட்டி வந்து நிற்கிறது, மவுஸ் வேலை செய்யவில்லை

உறைந்துவிட்டது என்று நினைத்து டெர்மினலை மூடுகிறவர்கள் நிறைய. அது கேள்வி கேட்கிறது. டேப் விசையை அழுத்தினால் ‘ஓகே’ மேல் நிறம் மாறும், பிறகு என்டர். மைக்ரோசாஃப்ட் எழுத்துருக்களைப் போடும்போது வரும் உரிம ஒப்பந்தம் இப்படித்தான் பல டிடிபி கடைகளை நிறுத்தி வைக்கிறது. அங்கே ஒப்புக்கொள்ள மறுத்தால் எழுத்துருக்கள் இறங்காது.

இன்னொரு கேள்வி, நீங்கள் திருத்திய ஒரு கன்ஃபிகரேஷன் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதைப் போடவா என்பது. வெறும் என்டர் தட்டினால் உங்களுடையது தங்கும், அதுவே பாதுகாப்பு. ‘டி’ (டிஃபரன்ஸ் என்பதன் முதலெழுத்து) தட்டினால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் காட்டும்.

“அனேபிள் டு லொகேட் பேக்கேஜ்”

முதலில் சூடோ ஆப்ட் அப்டேட். புதிதாக நிறுவிய கணினியில் பட்டியலே இறங்கியிருக்காது. அதற்குப் பிறகும் இல்லையென்றால் பெயர் தவறு. ஸ்கேன் செய்த தமிழ்ப் பக்கத்தை எழுத்தாக மாற்றும் டெசராக்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழுக்கான பேக்கேஜ் ‘டெசராக்ட்-ஓசிஆர்-டாம்’. கடைசிப் பகுதி டி, ஏ, எம் மூன்றே எழுத்து. மொழியின் பெயரை முழுதாக எழுதினால் கிடைக்காது. எழுத்துரு பேக்கேஜ்களில் நிலைமை வேறு: அங்கே டி, ஏ, எம், எல் என்று நான்கெழுத்து. பெயரை ஊகிக்காமல் ஆப்ட் சர்ச் டெசராக்ட் என்று போட்டுப் பட்டியலில் இருந்து நகலெடுங்கள். தமிழ்99 விசைப்பலகைக்கு வேண்டியது ‘ஐபஸ்-எம்17என்’. அதிலும் 17 எண்ணாகத்தான் வரும்.

பெயர் சரி, ஆனாலும் இல்லை என்றால், உபுண்டுவில் யுனிவர்ஸ் என்ற கூடுதல் பேக்கேஜ் பகுதி அணைந்திருக்கலாம்: சூடோ ஆட்-ஆப்ட்-ரெப்போசிட்டரி யுனிவர்ஸ்.

அப்டேட் போட்டாலே பிழை: நெட்வொர்க் வகை

இங்கே செய்தியின் சொல்தான் நோயைக் காட்டும்.

‘நோஸ்ப்ளிட்’ என்ற சொல்லும், நெட்வொர்க்குக்கு லாகின் வேண்டுமா என்ற கேள்வியும் வந்தால், விடுதி அல்லது லாட்ஜ் வைஃபையின் லாகின் பக்கம் குறுக்கே நிற்கிறது. ஆப்ட் கேட்ட கோப்புக்குப் பதிலாக அந்தப் பக்கம் வந்து விழுந்திருக்கிறது. பிரவுசரைத் திறந்து லாகின் செய்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.

‘ஹாஷ் சம் மிஸ்மேட்ச்’ என்றால் நடுவில் ஏதோ ஒரு கேஷ் (தற்காலிகச் சேமிப்பு) பழையதைத் தருகிறது, அல்லது பாதி கோப்பு தங்கியிருக்கிறது. /வார்/லிப்/ஆப்ட்/லிஸ்ட்ஸ்/ உள்ளே இருப்பதை அழித்துவிட்டு, சூடோ ஆப்ட் கிளீன், பிறகு அப்டேட். இந்த அடைவை அழிப்பதில் ஆபத்தில்லை, முழுவதும் மறுபடி இறங்கும். மறுபடியும் அதே பிழை வந்தால் வைஃபையை விட்டு போன் ஹாட்ஸ்பாட்டில் முயலுங்கள்.

‘நாட் வேலிட் யெட்’ என்றால் உங்கள் கடிகாரம் பின்தங்கியிருக்கிறது. பழைய டெஸ்க்டாப்பில் மதர்போர்டு மேல் உள்ள சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்தால், பிளக்கைப் பிடுங்கிய ஒவ்வொரு முறையும் தேதி பல ஆண்டு பின்னால் போய்விடும். டைம்டேட்சிடிஎல் என்று மட்டும் தட்டினால் நிலைமை தெரியும். நெட் இருந்தால் சூடோ டைம்டேட்சிடிஎல் செட்-என்டிபி ட்ரூ போதும். கையால் வைக்க வேண்டுமென்றால் முதலில் அதையே ஃபால்ஸ் ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் செட்-டைம் ஏற்காது. பேட்டரியை மாற்றாதவரை இது திரும்பத் திரும்ப வரும்.

கல்லூரி லேபில் பிரவுசர் ஓடுகிறது, ஆப்ட் மட்டும் ‘கனெக்டிங்’ என்று நிற்கிறது என்றால் காரணம் ப்ராக்ஸி, அதாவது இணையத்துக்கு நடுவில் நிற்கும் சர்வர். டெர்மினலில் எக்ஸ்போர்ட் செய்த ப்ராக்ஸி, சூடோ போட்டால் அதோடு சேர்ந்து வராது. அதனால் /ஈடிசி/ஆப்ட்/ஆப்ட்.கான்ஃப்.டி/ உள்ளே 95ப்ராக்ஸி என்று ஒரு கோப்பு வைத்து இப்படி எழுத வேண்டும்:

அக்வயர்::ஹெச்டிடிபி::ப்ராக்ஸி "ஹெச்டிடிபி://முகவரி:போர்ட்/";

கடைசி அரைப்புள்ளியை விட்டால் ஆப்ட் எந்தக் கட்டளைக்கும் இலக்கணப் பிழை என்று நின்றுவிடும். வீட்டுக்கு எடுத்துப் போகும் லேப்டாப்பானால் அங்கே இந்தக் கோப்பை நகர்த்திவிடுங்கள், இல்லாத ப்ராக்ஸியைத் தேடிக்கொண்டிருக்கும்.

404, அல்லது “டஸ் நாட் ஹேவ் எ ரிலீஸ் ஃபைல்”

ஒரே ஒரு பேக்கேஜுக்கு 404 என்றால் பட்டியல் பழையது, அப்டேட் போட்டால் தீரும். எல்லா வரிக்கும் 404 என்றால் உங்கள் பதிப்பின் காலம் முடிந்துவிட்டது. உபுண்டுவின் இடைக்காலப் பதிப்புகளுக்கு ஒன்பது மாதம்தான் ஆயுள். முடிந்தபின் அவற்றின் ரெப்போ (பேக்கேஜ்கள் இறங்கும் சர்வர்) ‘ஓல்ட்-ரிலீசஸ்’ என்று தொடங்கும் முகவரிக்கு மாறிவிடும். எல்டிஎஸ் (நீண்டகால ஆதரவு) பதிப்புகளுக்கு வழக்கமான ஆதரவு ஐந்தாண்டு: 18.04-க்கு 2023-லும் 20.04-க்கு 2025-லும் முடிந்தது.

முகவரியை மாற்றி ஓட்டுவது, உள்ளே இருப்பதைக் காப்பி எடுக்கும்வரை மட்டும் சரி. அதற்குப் பாதுகாப்பு அப்டேட் வராது. 32-பிட் கணினியானால் உபுண்டு 19.10-லிருந்து கைவிட்டுவிட்டது, டெபியனில் 12-தான் 32-பிட் இன்ஸ்டாலர் உள்ள கடைசிப் பதிப்பு. பழைய பாஸ் உள்ள லேப்டாப்பில் உபுண்டுவின் ரெப்போ வரியைச் சேர்த்துப் புதுப்பிக்கப் பார்க்காதீர்கள். அடிப்படை லைப்ரரிகள் கலந்துபோனால் திரும்பி வரச் சுத்தமான வழியே இல்லை.

“நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஆன் டிவைஸ்”

டிஎஃப் -ஹெச் போடுங்கள், எந்தப் பகுதி நிரம்பியது என்று காட்டும். ரூட் (‘/’ என்ற வரி) நிரம்பியிருந்தால் சூடோ ஆப்ட் கிளீன் உடனே கொஞ்சம் தரும். தனியாக உள்ள /பூட் நிரம்பியிருந்தால் பழைய கெர்னல்கள் குவிந்திருக்கின்றன. சூடோ ஆப்ட் ஆட்டோரிமூவ் --பர்ஜ் அவற்றை எடுக்கும். ஆப்ட்டே நகர மறுத்தால், யுநேம் -ஆர் போட்டு இப்போது ஓடும் கெர்னலைக் குறித்துக்கொண்டு, அதைத் தவிர மிகப் பழையது ஒன்றை சூடோ டிபிகேஜி --பர்ஜ் மூலம் எடுத்து இடம் உண்டாக்குங்கள். பிறகு ஃபிக்ஸ்-புரோக்கன். இடம் காட்டினாலும் அதே பிழை என்றால் டிஎஃப் -ஐ (ஆங்கில ‘ஐ’ எழுத்து) போட்டுப் பாருங்கள், ஐநோடு (ஒவ்வொரு கோப்புக்கும் வேண்டிய பதிவிடம்) தீர்ந்திருக்கலாம்.

பிரிண்டருக்கு இறக்கிய .டெப் கோப்பு ஏறவில்லை, இறங்கவும் இல்லை

டிபிகேஜி -ஐ (இங்கும் ஆங்கில ‘ஐ’ எழுத்து) போட்டால் அது சார்பு பேக்கேஜ்களைத் தேடித் தராது, ‘டிபென்டன்சி ப்ராப்ளம்ஸ்’ என்று விட்டுவிடும். ஆப்ட் வழியே போடுங்கள், முன்னால் புள்ளியும் சாய்கோடும் கட்டாயம்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் ./கோப்பின்பெயர்.டெப்

அவை இல்லாவிட்டால் அந்தப் பெயரில் ரெப்போவில் தேடிவிட்டு ‘இல்லை’ என்னும். முடிவில் ‘அன்சேண்ட்பாக்ஸ்டு’ என்று வரும் குறிப்பு பிழையல்ல. ‘ஆர்க்கிடெக்சர் டஸ் நாட் மேட்ச்’ என்றால் 64-பிட் கோப்பை 32-பிட் கணினியில் போடுகிறீர்கள்.

ஜெராக்ஸ் கடைகளில் வரும் பெரிய தலைவலி, பாதி ஏறிய டிரைவர் எடுக்கவும் முடியாமல் நிற்பது: ‘போஸ்ட்-ரிமூவல் ஸ்கிரிப்ட் … எரர் எக்ஸிட் ஸ்டேட்டஸ் 1’. பேக்கேஜோடு வந்த அகற்றும் ஸ்கிரிப்ட், இல்லாத ஒரு சேவையையோ கோப்பையோ தேடித் தோற்கிறது. அதுவரை ஆப்ட் வேறு எதையும் போட விடாது. /வார்/லிப்/டிபிகேஜி/இன்ஃபோ/ உள்ளே அந்தப் பெயரில் .போஸ்ட்ஆர்எம் என்று முடியும் கோப்பைத் திறந்து படியுங்கள், பெரும்பாலும் பத்துப் பதினைந்து வரிதான். எந்த வரி தோற்கிறது என்று தெரிந்தால் அதன் முன் # போட்டுவிட்டு மறுபடி ரிமூவ் செய்யுங்கள். ‘வெரி பேட் இன்கன்சிஸ்டன்ட் ஸ்டேட்’ என்று சொன்னால்:

சூடோ டிபிகேஜி --ரிமூவ் --ஃபோர்ஸ்-ரிமூவ்-ரீஇன்ஸ்ட்ரெக் பேக்கேஜ்பெயர்

வெளியிலிருந்து வந்த ஒற்றை டிரைவருக்கு மட்டும் இது பொருத்தம். கணினியின் அடிப்படை பேக்கேஜ் எதற்கும் இந்த ஃபோர்ஸ் வேண்டாம்.

ஒன்றை எடுக்கப் போய் டெஸ்க்டாப்பே போய்விட்டது

நன்றாகத் தெரிந்த ஒரு வகை: பழைய பைத்தானை எடுத்துவிட்டுப் புதியதைப் போடலாம் என்று மாணவர் ஒருவர் சூடோ ஆப்ட் ரிமூவ் பைத்தான்3 அடிக்கிறார். திரையில் ஐகான், மெனு காட்டும் டெஸ்க்டாப்பின் பாதிப் பகுதிகள் பைத்தான்3-ஐச் சார்ந்தவை, எல்லாமே கிளம்பும். ‘வில் பி ரிமூவ்டு’ என்ற தலைப்பின் கீழ் ஆப்ட் அத்தனை பெயரையும் காட்டியே ‘ஒய்’ கேட்கிறது. ஒரு சின்ன மென்பொருளை எடுக்கும்போது அந்தப் பட்டியல் திரையைத் தாண்டிப் போனால் ‘என்’ தட்டி வெளியே வாருங்கள். ஒத்திகை பார்க்க ஆப்ட் -எஸ் ரிமூவ், எதையும் தொடாமல் பட்டியலை மட்டும் தரும். ‘யெஸ், டூ ஆஸ் ஐ சே!’ என்று முழு வாக்கியத்தைத் தட்டச் சொன்னால் ஒருபோதும் தட்டாதீர்கள்.

ஏற்கெனவே போய்விட்டதா? கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 சேர்த்து அழுத்திக் கருப்புத் திரையில் லாகின் செய்யுங்கள். என்னென்ன போயின என்ற முழுக் கணக்கும் /வார்/லாக்/ஆப்ட்/ஹிஸ்டரி.லாக் கோப்பின் கடைசிப் பகுதியில், ‘ரிமூவ்’ என்று தொடங்கும் வரியில் இருக்கிறது. முதலில் சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3 உபுண்டு-டெஸ்க்டாப் நெட்வொர்க்-மேனேஜர். மீதியை அந்த வரியைப் பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம். வைஃபை செத்திருந்தால் போனை யுஎஸ்பி டெதரிங்கில் மாட்டி, ஐபி லிங்க் காட்டும் பெயரைக் கொண்டு சூடோ டிஹெச்கிளையன்ட் முயலுங்கள். அந்தக் கட்டளையே இல்லையென்றால் லைவ் பென்டிரைவில் பூட் செய்து, ச்ரூட் (டிஸ்க்கில் உள்ள லினக்ஸுக்குள் நுழையும் கட்டளை) வழியே உள்ளே போய்ப் போட வேண்டும். மறுபடி எல்லாம் வரும்வரை ஆட்டோரிமூவ் பக்கமே போகாதீர்கள், அது மிச்சத்தையும் அனாதை என்று கூட்டிவிடும்.

எடுத்தேன், ஆனாலும் இருக்கிறது

ரிமூவ் மென்பொருளை எடுக்கும், /ஈடிசி உள்ளே உள்ள அமைப்புக் கோப்புகளை விட்டுவைக்கும். டிபிகேஜி -எல் பட்டியலில் அவை ‘ஆர்சி’ என்று தெரியும். பர்ஜ் அவற்றையும் எடுக்கும். உங்கள் ஹோம் அடைவில் புள்ளியில் தொடங்கும் அடைவுகளை இரண்டும் தொடாது. படம் திருத்தும் ஜிம்ப்பை எத்தனை முறை மறுபடி போட்டாலும் அதே கோளாறு என்றால் காரணம் அங்கேதான் இருக்கிறது.

மைஎஸ்கியூஎல் சர்வரை பர்ஜ் செய்யும் முன் மட்டும் நிதானமாக இருங்கள். தரவுத்தளங்களையும் அழிக்கவா என்று ஒரு பெட்டி கேட்கும். மேலே சொன்ன டேப், என்டர் பழக்கத்தில் ஒப்புக்கொண்டால் யூனிட்டின் ஓராண்டுக் கணக்கு போய்விடும். மைஎஸ்கியூஎல்டம்ப் எடுத்து வேறொரு டிஸ்க்கில் வைத்துவிட்டே இதைத் தொடுங்கள்.

எடுத்தபின்னும் மென்பொருள் திறக்கிறதா? ஒரே மென்பொருள் ஆப்ட், ஸ்னாப், ஃபிளாட்பேக் என்று மூன்று வழியிலும் ஏறியிருக்கலாம். ஸ்னாப் லிஸ்ட், ஃபிளாட்பேக் லிஸ்ட் இரண்டையும் பாருங்கள். உபுண்டு 22.04 முதல் ஃபயர்ஃபாக்ஸ் ஸ்னாப்பாகவே வருகிறது, ஆகவே எடுக்க வேண்டிய கட்டளை சூடோ ஸ்னாப் ரிமூவ் ஃபயர்ஃபாக்ஸ்.

பிப் போட்டால் “எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்”

டெபியன் 12, உபுண்டு 23.04 முதல் இப்படித்தான். கணினியின் பைத்தானில் பிப் (பைத்தான் பேக்கேஜ்களைப் போடும் கருவி) கை வைத்தால் ஆப்ட் போட்டவை உடையும் என்பதால் வாசலிலேயே தடுக்கிறது. பிரேக்-சிஸ்டம்-பேக்கேஜஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்து உடைத்துப் போகச் சொல்வார்கள், வேண்டாம். தனி இடம் அமைத்துக்கொள்ளுங்கள்:

சூடோ ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்

பைத்தான்3 -எம் வென்வ் ~/லேப்

சோர்ஸ் ~/லேப்/பின்/ஆக்டிவேட்

இதன்பின் பிப் இன்ஸ்டால் தடையில்லாமல் ஓடும். டெர்மினலை மூடித் திறந்தால் மூன்றாவது வரியை மட்டும் மறுபடி போட வேண்டும். வேண்டாமென்றால் அந்த லேப் அடைவை அழித்தால் போதும், கணினியில் வேறெதுவும் மாறியிருக்காது.